ஐம்பத்தெட்டாவது நகர்த்தல்

தேசிய இளம்பெண்கள் சதுரங்கப் போட்டியின் வரலாற்றை நாகஜோதி பதினாறு நாளில் எழுதி முடித்திருந்தாள், ஒரே ஒரு ஆண்டைத் தவிர. அந்த ஆண்டு 2005. போட்டி நடந்த ஊர் திண்டுக்கல். மூன்றாம் இடம் பெற்றவர் என்று பட்டியலில் இருக்கும் பெயர் உ. நாகஜோதி.

மற்ற ஆண்டுகளில் அவளுக்கு ஒரு சிரமமும் இல்லை. முதல் போட்டியில் ஆறே பேர்தான் ஆடினார்கள், அதுவும் ஒரு பள்ளிக்கூடத்தின் ஓவிய அறையில், வண்ணக்கறை படிந்த மேசைகளில். அடுத்த ஆண்டு வெள்ளத்தில் தண்டவாளம் அரித்துப்போய், இரண்டு பேர் நான்காம் சுற்றுக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். ஒரு வருடம் ஆட்டக் கடிகாரம் பற்றாமல் கடைசி மேசைக்காரர்கள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஆடினார்கள். முடியாத ஆட்டத்தை மறுநாளைக்குத் தள்ளிவைத்த காலம் ஒன்று இருந்தது. அப்போது, அடுத்து ஆடப்போகும் நகர்த்தலை ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, நடுவரிடம் கொடுத்துவிட்டுத் தூங்கப் போவார்கள். ஒருமுறை அந்த உறையே தொலைந்துபோனது. மறுநாள் ஒருத்தி, "நான் குதிரையைத்தான் எழுதியிருந்தேன்" என்று சொல்ல, எதிரில் இருந்தவள் அதை அப்படியே நம்பி உட்கார்ந்து ஆடினாள். இந்தச் செய்தியை எழுதும்போது மட்டும் நாகஜோதிக்குப் பேனா ஓடவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து எழுதினாள்.

போட்டி இந்த ஆண்டு மறுபடியும் திண்டுக்கல்லுக்கு வந்திருந்தது. நடத்துவது சிறுமலை சதுரங்க மன்றம். அதன் செயலாளர் பொன்ராஜ், சின்னாளப்பட்டிக்காரர், ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். அவருக்குச் சதுரங்கம் ஆட வராது. ஆட வைக்க வரும். மண்டபம் பிடிப்பது, மேசை போடுவது, வெளிமாநிலப் பிள்ளைகளுக்குக் சோற்றுக்குக் காரமில்லாமல் வெஞ்சனம் செய்யச் சொல்வது எல்லாம் அவர் கைவேலை. விழா மலரில் போட்டியின் வரலாறு வர வேண்டும் என்று முடிவானதும் அவர் நேராக நாகஜோதியின் அலுவலகத்துக்கே வந்து உட்கார்ந்துவிட்டார்.

"மெடல் வாங்குன ஒரே திண்டுக்கல் புள்ள நீதான். நீ எழுதாம வேற யாரு தாயி எழுதுவா?"

மறுக்க முடியவில்லை. மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள்.

மலரின் அமைப்பையும் அவரே சொன்னார். ஓர் ஆண்டுக்கு ஒரு பக்கம். மேலே புள்ளிப் பட்டியல், கீழே அந்த ஆண்டில் நடந்த முக்கியமான ஓர் ஆட்டம், முதல் நகர்த்தலிலிருந்து கடைசி வரை. திண்டுக்கல் ஆண்டுக்கு எந்த ஆட்டம் என்று யாரும் விவாதிக்கவே இல்லை. கடைசிச் சுற்று; நாகஜோதிக்கும் நாகர்கோவில் ரோஸ்மேரிக்கும் நடந்தது; நாகஜோதி வென்று பதக்கம் பெற்றது.

அந்த ஆட்டத்தில் நாகஜோதி வெல்லவில்லை.

*

அன்றைக்கு அவளுக்குப் பதினாறு வயது. நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருந்த அவள் அப்பா உடையப்பன், பூ மூட்டை போகும் வேனிலேயே பதினோரு நாளும் மகளைக் கூட்டிவந்து மண்டபத்தில் விட்டார். அவள் காய்களைத் தொட்டால் மல்லிகை மணக்கிறது என்று எதிரில் ஆடிய வடக்கத்திப் பெண் ஒருத்தி சிரித்ததும் உண்டு.

கடைசிச் சுற்றில் அவளுக்கு வெள்ளைக் காய். ரோஸ்மேரி அவளைவிட ஒரு வயது மூத்தவள், ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முன்னால் கட்டைவிரலால் உதட்டைத் தடவுவாள். நான்கு மணி நேரம் ஆடினார்கள். முடிவில் பலகையில் மிஞ்சியது, நாகஜோதியின் ராஜா, கறுப்புக் கட்டங்களில் ஓடும் அவளுடைய பிஷப், ஓரத்து வரிசையில் ஒரு சிப்பாய். ரோஸ்மேரிக்கு ராஜா மட்டும், அதுவும் மூலையில்.

தெரியாதவர் பார்த்தால் வெள்ளை ஜெயித்துவிட்டது என்றுதான் சொல்வார். இரண்டு காய் அதிகம், எதிரி ராஜா மூலையில் ஒண்டிக்கிடக்கிறது. ஆனால் ஆடத் தெரிந்த பத்து வயதுப் பிள்ளைக்கும் அது சமன். சிப்பாய் போய்ச் சேர வேண்டிய அந்த மூலை வெள்ளைக் கட்டம். கறுப்புக் கட்டங்களில் மட்டுமே ஓடும் பிஷப்பால் அங்கிருந்து ராஜாவைத் துரத்த முடியாது. ரொம்ப நெருக்கினால் ராஜாவுக்கு நகர இடமில்லாமல் போகும். அப்படி முடங்கினாலும் சட்டப்படி சமன்தான். அந்த ராஜா செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: மூலையை விட்டு வெளியே வராமல் இருப்பது.

ஐம்பத்தெட்டாவது நகர்த்தலில் நாகஜோதி சமன் என்று ஒப்புக்கொண்டு கையை நீட்டினாள். ரோஸ்மேரி கையைக் கொடுத்தாள்.

பொன்ராஜ் அன்றைக்கு மேசைகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்த தொண்டர்களில் ஒருவர். ஒவ்வொரு ஆட்டக்காரியும் தன் நகர்த்தல்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டே வருவாள். அதற்கடியில் கார்பன் வைத்து ஒரு நகல். ஆட்டம் முடிந்ததும் முடிவை எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, மேல்தாளை நடுவர் மேசைக்குக் கொடுக்க வேண்டும். கடைசி நாள் எல்லோருக்கும் ரயில் அவசரம். அதனால் பொன்ராஜ் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தார்.

"கையெழுத்த மட்டும் போட்டுட்டுப் போங்கம்மா. ரிசல்ட்ட நான் போட்டுக்கறேன்."

இரண்டு பேரும் போட்டு, நகலை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டார்கள். ரோஸ்மேரியின் அப்பா வாசலில் பெட்டியுடன் நின்றார். அவள் ஓடினாள். நாகஜோதி முகம் கழுவப் போனாள். பொன்ராஜ் வந்து பலகையைப் பார்த்தார், எண்ணினார், வெள்ளைக்கு ஒன்று, கறுப்புக்குப் பூஜ்யம் என்று எழுதினார்.

நாகஜோதி திரும்பி வந்தபோது சுவரில் பட்டியல் ஒட்டியாகிவிட்டது. அரைப் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று. அந்த அரைப் புள்ளியில் அவள் எட்டாம் இடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்கு ஏறியிருந்தாள். மூன்றாம் இடத்தில் இருந்திருக்க வேண்டிய ரோஸ்மேரி ஒன்பதாம் இடத்தில் கிடந்தாள். நாகஜோதி நடுவர் மேசைக்குப் போனாள். அது சத்தியம், போனாள்.

"சார், அந்த ரிசல்ட்டு..."

"நம்ம ஊருக்கு மெடல், ஜோதி!" என்று பொன்ராஜ் கத்தினார். யாரோ கைதட்டினார்கள். பின்னால் திரும்பினால் உடையப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது. அவர் அழுது அவள் அதுவரை பார்த்ததில்லை.

"என்னம்மா ரிசல்ட்டு?" என்றார் பொன்ராஜ்.

"ஒண்ணும் இல்ல சார்."

அவ்வளவுதான். அந்த மூன்று சொல்லின் மேல்தான் பின்னால் எல்லாம் கட்டப்பட்டது. அந்தச் சான்றிதழை வைத்துத்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் அவளுக்கு அரசு வேலை கிடைத்தது. பணி ஆணையின் ஆறாவது விதி அவளுக்கு மனப்பாடம்: சமர்ப்பித்த சான்றிதழ் உண்மைக்குப் புறம்பானது எனத் தெரியவந்தால் எந்தக் காலத்திலும் பணி நீக்கம் செய்யப்படலாம். எந்தக் காலத்திலும் என்ற சொற்களின் கீழே அவள் யாரும் பார்க்காதபோது பென்சிலால் கோடு போட்டு, பிறகு அழித்தும் இருக்கிறாள். அந்தத் தடம் இன்னும் தாளில் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த பிறகு அவள் ஒரு போட்டியிலும் ஆடவில்லை. குழந்தை, வீடு, நேரமில்லை என்று சொல்லிக்கொண்டாள்.

*

மலரில் அந்த ஆட்டம் வராமல் இருக்க அவள் முதலில் கண்டுபிடித்த வழி, நகல் தாள் தொலைந்துவிட்டது என்பது. பொன்ராஜிடம் அப்படியே சொல்லியும் விட்டாள். அந்த வழியை அடைத்தது அவளுடைய கணவர் விக்னேஷ்குமார்.

அவர் ஒட்டன்சத்திரத்துக்காரர், காய்கறிச் சந்தையில் ஒரு மண்டியில் வேலை. கருக்கலில் முதல் பேருந்துக்குப் போய் மதியம் வந்துவிடுவார். ஒரு நாள் நாகஜோதி அலுவலகத்திலிருந்து வந்தபோது வீட்டில் பீரோ திறந்திருந்தது, மனிதர் முகமெல்லாம் சிரிப்பு.

"ஏம்புள்ள, தொலைஞ்சு போச்சுன்ன? சர்ட்டிபிகேட்டு கவருக்குள்ளயே இருக்குதே!"

"என்னது?"

"நீ ஜெயிச்ச ஆட்டம். பொன்ராஜ் சாரு போன் பண்ணித் தேடச் சொன்னாருங்காட்டி எடுத்தேன். போட்டோ புடிச்சு போன்லயே மலர்க் குழுவுக்கு அனுப்பிப்போட்டேன். பத்துப் பேரு கைதட்டிட்டாங்க."

அவள் கைப்பையைக்கூட இறக்கவில்லை. "யாரக் கேட்டு அனுப்புனீங்க?"

"இதுல கேக்க என்ன இருக்குது? எம்பொண்டாட்டி ஜெயிச்சத நான் அனுப்பக் கூடாதா?" அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஒண்ணே ஒண்ணு. முடிவு போடற கட்டம் மட்டும் காலியா இருக்குது. எழுத மறந்துட்டயா?"

"மறந்துட்டேன்."

"போகுது விடு. ரெண்டு கையெழுத்தும் இருக்குதல்ல" என்று அவர் தாளைத் திரும்பக் கவருக்குள் செருகினார், சாமி படத்துக்குப் பூப் போடுகிற பவ்யத்தில்.

அவரிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். பன்னிரண்டு வருடத்தில் சொல்லியிருக்கக்கூடிய நாட்கள் எத்தனையோ. ஒவ்வொரு முறையும், சொன்ன பிறகு அவர் முகத்தில் இந்தச் சிரிப்பு இருக்காதே என்ற நினைப்பு வந்து தடுக்கும். அடுப்படிக்குப் போய்க் குழம்பைச் சூடு பண்ணினாள்.

அன்று சாயங்காலமே பொன்ராஜ் போன் செய்தார். குரலில் வழக்கமான சத்தம் இல்லை.

"ஜோதி, நாளைக்கு மண்டபத்துப் பக்கம் வா. தனியா வா."

*

பழனி சாலையில் அதே மண்டபம்தான். இருபத்தொரு வருடத்துக்கு முன் சுண்ணாம்புச் சுவராக இருந்தது, இப்போது கண்ணாடி வைத்த கதவும் குளிர்சாதனமும் வந்திருந்தன. பொன்ராஜ் மணமகன் அறையை மன்ற அலுவலகமாக்கியிருந்தார். மேசையில் ஒரு சதுரங்கப் பலகை. அதில் அந்த நான்கு காய்களும் அந்தந்த இடத்தில். நாகஜோதி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"உக்காரு."

"சார்..."

"மொதல்ல உக்காரு தாயி. இருபது வருசத்துல நானும் கொஞ்சம் கத்துக்கிட்டேன். இது ட்ரா."

அவள் உட்கார்ந்தாள். மறைக்க இனி ஒன்றும் இல்லை என்பதில் முதலில் ஒரு நிம்மதிகூட வந்தது. அது அரை நிமிடம்கூட நிற்கவில்லை. பொன்ராஜ் இழுப்பறையைத் திறந்து ஒரு பழுப்பு உறையை எடுத்துவைத்தார். நாகர்கோவில் முத்திரை. தேதி, போட்டி முடிந்த ஒன்பதாம் நாள்.

"ரோஸ்மேரியோட அப்பா எழுதுனது. மூணு பக்கம். மூவெல்லாம் எழுதி, இது எப்பிடித் தோல்வி ஆகும்னு கேட்டிருக்காரு. மரியாதையான கடுதாசி. ஒரு கோவ வார்த்தை கிடையாது."

"உங்களுக்குத் தெரியுமா? அப்பவே?"

"அப்பவே. அந்தச் சமயத்துல உன் போட்டோ பேப்பர்ல வந்தாச்சு. கலெக்டரு கூப்பிட்டுச் சால்வை போட்டாச்சு. என் ஸ்கூல்ல என்னையக் கூப்பிட்டுப் பாராட்டுனாங்க. நான் போட்ட ரிசல்ட்டு தப்புன்னு போயிச் சொன்னா மறு வருசம் எவன் நமக்குப் போட்டி குடுப்பான்? பதில் எழுதுவோம் எழுதுவோம்னு வச்சிருந்தேன். ரெண்டாவது கடுதாசி வந்துச்சு. அப்பறம் வரல."

நாகஜோதி உறையைத் தொடவில்லை. இத்தனை வருடம் இந்த மனிதர் தெருவில் பார்க்கும்போதெல்லாம், "என்ன ஜோதி, நல்லாருக்கியா" என்று கேட்டது, இது தெரிந்துதான். தான் பதில் சொன்னபோது தன் முகத்தை எப்படி வைத்திருந்தோம் என்று அவள் யோசித்தாள். அவர் முகத்தைப் போலத்தான் வைத்திருந்திருப்பாள்.

"ஆட்டத்த மலர்ல போடாம விட்டுருவோம் சார்."

"எல்லா வருசத்துக்கும் ஆட்டம் இருக்கு. நடத்துற ஊருக்கு மட்டும் இல்லேன்னா என்னன்னு கேப்பான். தாள என்கிட்டக் குடுப்பாருன்னுதான் தேடச் சொன்னேன், உன் வீட்டுக்காரரு குழுவுலயே போட்டோ போட்டு வச்சிருக்காரு. அதோட இன்னொண்ணு." அவர் ஒரு பட்டியலை நகர்த்தினார். நடுவர்கள் பெயர்கள். முதல் பெயருக்குக் கீழே இரண்டாவது: ரோஸ்மேரி, நாகர்கோவில், துணைத் தலைமை நடுவர்.

"வர்றாங்களா?"

"மேல இருந்து போட்டது. என் கையில இல்ல."

கூடத்தில் யாரோ மேசைகளை இழுக்கும் சத்தம் கேட்டது. பொன்ராஜ் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தார்.

"எட்டு மூவு நானே எழுதிருக்கேன். அம்பத்தெட்டுக்குப் பெறகு. கறுப்பு ராஜா மூலைய விட்டு வெளிய வந்துருது. உன் சிப்பாயி ராணி ஆயிருது. உன் நகல் தாளுல கடைசி வரிக்குக் கீழ எடமும் இருக்கு. போட்டோவோட ஒப்பிட்டு யாரும் கேக்க மாட்டான்."

அவள் வாங்கிப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் கண் மூன்றாவது வரியில் நின்றுவிட்டது.

"இது ஆட முடியாது சார்."

"எது?"

"வெள்ளை ராஜாவ இங்க வச்சிருக்கீங்க. கறுப்பு ராஜா பக்கத்துக் கட்டத்துல நிக்குது. ராஜாவும் ராஜாவும் ஒட்டி நிக்கவே முடியாது. சின்னப் புள்ளகூடச் சிரிக்கும்."

"அப்ப எங்கதான் வைக்கணும்?"

"கறுப்பு இன்னும் ஒரு கட்டம் தள்ளிப் போயிருக்கணும். அப்பறம் வெள்ளை இங்க ஏறலாம். அதுக்கப்பறம் சிப்பாய யாரும் தடுக்க முடியாது." பலகையில் காய்களை நகர்த்திக் காட்டிக்கொண்டே அவள் மேசையிலிருந்த பென்சிலை எடுத்து, அவர் தாளில் அடித்து, மேலே திருத்தி எழுதினாள். ஐம்பத்தொன்பது, அறுபது, அறுபத்தொன்று. வரிசை சுத்தமாக வந்தது. வருடக் கணக்கில் ஆடாத கை. ஆனாலும் ஒரு தடுமாற்றம் இல்லை.

"ஆத்தாடி, பாத்தியா" என்றார் பொன்ராஜ், மெல்ல. "உனக்குத்தான் வரும்."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தாளில் இப்போது இருப்பது அவளுடைய கையெழுத்து. அன்றைக்கு எழுதியது பொன்ராஜ். அவள் வாயைத் திறக்காமல் இருந்தாள், அவ்வளவுதான். இன்றைக்கு எழுதியிருப்பது அவளேதான். பலகையில் அவள் வைத்திருந்த நிலையைப் பார்த்தாள். பத்திரமாக இருந்த மூலையைவிட்டு ரோஸ்மேரியின் ராஜா தானாகவே நடந்து வெளியே வந்து, ஒரு கட்டம், இன்னொரு கட்டம் என்று தள்ளித் தள்ளிப் போய் நின்றது. கட்டைவிரலால் உதட்டைத் தடவி யோசித்து ஆடிய பெண் அப்படிச் செய்யவே மாட்டாள். மலர் அச்சானால், தேசியப் போட்டியின் வரலாற்றில் அந்த முட்டாள்தனம் ரோஸ்மேரியின் பெயரில் நிற்கும்.

"நான் டைப் அடிக்கறவர்கிட்ட நேரா குடுத்துக்கறேன் சார்" என்று தாளை மடித்துக்கொண்டு எழுந்தாள். பொன்ராஜ் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

*

மலரை வடிவமைத்தவர் கிளெமென்ட். மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் சின்ன அச்சகம். மறுநாள் மதிய உணவு இடைவேளையில் நாகஜோதி அங்கே போய்க் கணினிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். பையில் இரண்டு தாளும் இருந்தன. நகல் தாள், அவள் பென்சிலால் திருத்திய எட்டு நகர்த்தல்கள்.

உண்மையைப் போட்டால் ஆறாவது விதி. வீட்டுக் கடன் அவள் சம்பளத்தில் போகிறது, மண்டி வேலை மழை பெய்தால் இல்லை. அப்பா நிலக்கோட்டையில் அந்தச் செய்தித்தாள் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். பூ வாங்க வருகிற ஒவ்வொரு வியாபாரிக்கும் அதைக் காட்டாமல் விடமாட்டார். பொய்யைப் போட்டால் வேறொருத்தியின் பெயரில் அவள் கையாலேயே ஒரு அவமானம். எந்தப் பக்கம் காலெடுத்து வைத்தாலும் பள்ளம். நின்ற இடத்திலேயே நிற்கவும் முடியாது. இன்று மூன்று மணிக்கு அச்சுக்குப் போக வேண்டும்.

"எதும்மா அடிக்கணும்?" என்றார் கிளெமென்ட்.

அவள் நகல் தாளைக் கொடுத்தாள். "ஐம்பத்தெட்டோட நிறுத்திருங்க."

"சரி. ரிசல்ட்டு ஒண்ணு பூஜ்யமா?"

"அந்தக் கட்டத்தக் காலியா விட்டுருங்க."

"காலியாவா? மத்த எல்லாப் பக்கத்துலயும் இருக்கே மேடம். அச்சுப் பிழைன்னு நெனைப்பாங்க."

"நெனைக்கட்டும். தாள்ல எப்படி இருக்கோ அப்படியே போடுங்க."

கிளெமென்ட் தோளைக் குலுக்கிக்கொண்டு அடித்தார். மேலே புள்ளிப் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே அந்த ஒன்று அப்படியே இருந்தது. அதை அவள் மாற்றச் சொல்லவில்லை. இது பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. கோழைத்தனம் என்பதும் தெரிந்தது. அதற்குமேல் அன்றைக்கு அவளால் ஆகவில்லை. வெளியே வந்து எட்டு நகர்த்தல் தாளை நான்காகக் கிழித்து மறுபடி பைக்குள்ளேயே போட்டுக்கொண்டாள். தெருவில் போட மனம் வரவில்லை.

*

தொடக்க விழா ஞாயிற்றுக்கிழமை காலை. நூற்று இருபது பெண்கள், அதற்கிரண்டு மடங்கு பெற்றோர். விக்னேஷ்குமார் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். உடையப்பன் நிலக்கோட்டையிலிருந்து ஒரு கூடை மல்லிகை கொண்டுவந்து மேடைக்குக் கொடுத்துவிட்டு, "எம்மக எழுதுன புஸ்தகம்" என்று பக்கத்திலிருந்தவரிடம் மலரைக் காட்டிக்கொண்டிருந்தார். மலர் எல்லோர் மடியிலும் இருந்தது.

பொன்ராஜ் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டார். தூணுக்குப் பின்னால் அவளை மறித்து, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"என்ன பண்ணி வச்சிருக்க? குடுத்த எட்டு மூவு எங்க?"

"கிழிச்சிட்டேன் சார்."

"நம்ம ரெண்டு பேரையும் கொண்டுபோய் நடுத்தெருவுல நிறுத்திட்டியேம்மா."

அதற்குள் யாரோ அவரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். முகத்தில் சிரிப்பை மாட்டிக்கொண்டு போனார்.

ரோஸ்மேரியை அவள் தூரத்திலேயே அடையாளம் கண்டாள். உடம்பு கொஞ்சம் போட்டிருந்தது, தலையில் நரை, நடுவர்களின் கறுப்புக் கோட்டு. பேச்சுகள் நடக்கும்போதெல்லாம் ரோஸ்மேரி மலரைத் திறந்துவைத்துக் குனிந்திருந்தாள். வலது கட்டைவிரல் உதட்டில் இருந்தது. ஒரு பக்கத்திலேயே வெகுநேரம்.

முதல் சுற்றுக்கு இன்னும் அரை மணி நேரம். பெண்கள் தங்கள் மேசைகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ரோஸ்மேரி நேராக நடந்து வந்தாள்.

"ஜோதிதானே?"

"ஆமாக்கா."

"வா, அங்கன இருப்போம்." இன்னும் ஆள் வராத கடைசி மேசை ஒன்றின் இரு பக்கமும் உட்கார்ந்தார்கள். நாகஜோதி தன்னையறியாமல் வெள்ளைப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். ரோஸ்மேரி மலரை நடுவில் விரித்துவைத்தாள்.

"ஐம்பத்தெட்டோட நிறுத்திட்டே."

"அவ்வளவுதானே ஆடுனோம்."

"ஆமா. அவ்வளவுதான் ஆடினோம்." ரோஸ்மேரி சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "அப்பா ரெண்டு லெட்டர் போட்டாரு, தெரியுமா? பதில் இல்ல. பெறகு ஒரு நாளு, பிஷப்பும் சிப்பாயும் இருந்தா ஜெயிக்க முடியும்லா, நீதான் எங்கயோ கோட்டை விட்டிருப்பேன்னாரு. எங்கப்பாவே. அவருக்கு ஆட்டம் தெரியும் கேட்டியா. இருந்தும் அப்படிச் சொன்னாரு. அன்னைக்கு நான் காயத் தூக்கி மேல வச்சவதான். பதிமூணு வருசம் தொடல்ல. இப்ப நடுவரா மட்டும் வாறேன்."

நாகஜோதிக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் போல இருந்தது. ஆனால் இதற்கு எந்தச் சொல்லும் பற்றாது என்று பட்டது.

"லெட்டர் வந்துச்சுக்கா. நான் பாத்தது போன வாரந்தான். ஆனா ரிசல்ட்டு தப்புன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். சுவத்துல பாத்தேன். சொல்லல."

"ஏன் சொல்லல்ல?"

"அப்பா அழுதாரு."

ரோஸ்மேரி முன்வரிசைப் பக்கம் திரும்பி, மலரை மடியில் வைத்திருந்த கிழவரைப் பார்த்தாள். பிறகு கோட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினாள். மலரில் அந்த ஆட்டத்தின் கீழே இருந்த காலிக் கட்டத்தின் மேல் வைத்தாள்.

"கையெழுத்து ரெண்டு பேரும் அன்னைக்கே போட்டாச்சு. ரிசல்ட்டுதான் இன்னும் எழுதல்ல. எழுது."

நாகஜோதி பேனாவை எடுத்தாள். தன் கணவர் எழுந்து நின்று, இந்தப் பக்கம் கையசைத்து, இருவரையும் சேர்த்துப் படம் பிடிக்கப் போனைத் தூக்குவது ஓரக்கண்ணில் தெரிந்தது. ஆறாவது விதி தெரிந்தது. எந்தக் காலத்திலும் என்ற அந்த இரண்டு வார்த்தையும் அதன் கீழே அழித்த பென்சில் தடமும்கூடத் தெரிந்தது. கட்டம் மிகச் சின்னது. அதில் அவள் எழுதினாள்: வெள்ளை அரை, கறுப்பு அரை. பக்கத்தில் முழுக் கையெழுத்தும் இன்றைய தேதியும் போட்டாள்.

ரோஸ்மேரி மை காயும்வரை பொறுத்திருந்து மலரை மூடிப் பைக்குள் வைத்தாள்.

"இத என்ன பண்ணப் போறீங்கக்கா?"

"தெரியல்ல. மேல குடுத்தா உனக்கு வேலை போகும், இல்லையா? அந்தச் சர்ட்டிபிகேட்டுலதானே சேந்திருப்பே?"

"ஆமா."

"குடுக்காம இருந்தா எனக்கு என்ன மிச்சம்?" ரோஸ்மேரி எழுந்து நாற்காலியை மேசைக்குள் தள்ளினாள். "இருபத்தொரு வருசம் நீ யோசிச்சே. எனக்குப் பதினோரு சுற்று இருக்கு. யோசிக்கேன்."

மணி அடித்தது. அந்த மேசைக்குரிய பெண்கள் வந்து நின்றார்கள். நாகஜோதி எழுந்து இடம் விட்டாள். கூடம் முழுக்க ஒரே நேரத்தில் கடிகாரங்களை அழுத்தும் சத்தம் கேட்டது. விக்னேஷ்குமார் போனைப் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தார்.

"ஏம்புள்ள, போட்டோ நல்லா வந்திருக்குது பாரு. நீ ஏதோ ஆட்டோகிராப் போடற மாதிரி. குழுவுக்கு அனுப்பட்டா?"

அவள் திரையைப் பார்த்தாள். படத்தில் பேனா கட்டத்தின் மேல் இருந்தது. எழுத்துத் தெரியவில்லை, ஆனால் பெரிதாக்கினால் தெரியும்.

"செத்த நேரம் பொறுங்க" என்றாள். "வெளிய வாங்க. அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."